தறி என்று சேமிக்கப்பட்ட எண்

மே 13

லூர்து அக்காவின் போன் இன்று என்னிடம் வந்தது. பேச்சியக்கா அதை ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, உறைக்குள்ளும் சானிடைசர் தெளித்து, எங்கள் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்றார்.

"அணைச்சிறாத. ராவும் பகலும் கெடக்கட்டும்."

"நம்பரை மாத்திட்டா என்னக்கா? அவங்களே இல்லாதப்ப."

"எதை மாத்துறது? பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கதவு பூராம் இந்த நம்பருதான். லூர்து தன் கையால எழுதுனது. நீ போய் அழிச்சிட்டு வர்றியா?"

சிரித்தார். பிறகு முகக்கவசத்தின் ஓரத்தை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நானும் பேச்சியக்காவும் இருக்கும் பெண்கள் அமைப்பின் உதவி எண் இது, லூர்து அக்காதான் எடுத்துப் பேசிவந்தார். அடி வாங்கும் பெண்கள் கூப்பிடுவார்கள். லூர்து அக்கா போன வாரம் கொரோனாவில் இறந்தார். கடைசி நாட்களில் ஆக்சிஜன் மூடியை விலக்கிவிட்டு இதில் பேசியிருக்கிறார். பேச்சியக்கா சொன்னார். அதை எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விதிகள்: பெயர் கேட்காதே. ஊர் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள், எழுதி வைக்காதே.

என் ஆய்வு பெருந்தொற்றும் பெண்ணியமும் பற்றியது. பல்கலைக்கழக விடுதியை மூடிவிட்டார்கள். அப்பா அம்மாவோடு தேனியில் இருக்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது என்று எல்லாரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

மே 14

விடிவதற்கு முன் போன் அலறியது. அழைப்பு இல்லை, அலாரம். திரையில் "மாத்திரை" என்று இருந்தது. ரத்த அழுத்த மாத்திரையாக இருக்கும்.

அணைத்தேன். அழிக்கவில்லை.

மே 15

"லூர்தக்காவா?"

"இல்லைங்க. நான் சுபாஷிணி. லூர்து அக்கா இடத்துல..."

துண்டிப்பு. இன்று எல்லா அழைப்புகளும் இப்படியே. ஒருத்தியிடம் மட்டும், அக்கா இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அப்ப சரி" என்றாள். என்ன சரி? திரும்பக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மாலை மொட்டை மாடியில் அம்மா வற்றல் எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே அப்பா டம்ளரைத் தட்டும் சத்தம். காப்பி வேண்டும் என்று பொருள். வற்றலைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா இறங்கினாள். ஊரடங்கு வந்த பிறகு அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிறது. அவ்வளவுதான். எங்கள் வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.

மே 16

"லூர்தக்காவா?"

"ஆமா."

அவள் பேசினாள். நான் கேட்டேன். இறந்தவரின் பெயரை அணிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசி முடித்து, "நீங்க இருக்கதால கொஞ்சம் தைரியமா இருக்குக்கா" என்றாள்.

மே 17

போனில் பெயர்கள் இல்லை. "சேவல்", "ரைஸ்மில்", "பள்ளிவாசல்", "தறி", "ஆட்டுக்குட்டி", "லாரி செட்" என்று சேமித்திருக்கிறார். ஏதோ சங்கேதம் என்று நினைத்தேன். காலையில் "சேவல்" கூப்பிட்டபோது புரிந்தது. அவள் குரலுக்குப் பின்னால் சேவல் கூவியது. பெயர் கேட்கக் கூடாது என்பதால், பேச்சுக்குப் பின்னால் கேட்ட சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார் லூர்து அக்கா.

இப்போது பாதிச் சத்தங்கள் நின்றுவிட்டன. லாரி செட்டில் லாரி இல்லை. தறி ஓடவில்லை. சத்தம் போன பிறகும் பெயர் இருக்கிறது.

மே 18

பதிவில் தவறிய அழைப்புகள் நிறைய. பெரும்பாலும் காலையில் வந்தவை, எல்லாம் ஒரு தடவை மணி அடித்ததும் நின்றவை. எடுக்காமல் விட்டிருக்கிறேனே என்று மனம் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு இணையக் கருத்தரங்கில் வாசிக்கவிருக்கும் கட்டுரையின் மையமே இதுதான்: நெருக்கடிக் காலத்தில் செவிகொடுப்பது ஓர் அரசியல் செயல், ஒரு குரலையும் தவறவிடக் கூடாது.

உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் திரும்பக் கூப்பிட்டேன். சிலர் எடுக்கவில்லை. சிலர் எடுத்து உடனே வைத்தார்கள். "தறி"யில் ஓர் ஆண் எடுத்தார். தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நல்ல வேலை செய்த அலுப்போடு தூங்கப் போகிறேன்.

மே 20

கபசுரக் குடிநீர். ஆவி பிடித்தல். அப்பாவுக்கு வெந்நீர். கட்டுரை பாதி. அலாரம் அடித்தது, அணைத்தேன்.

மே 23

கருத்தரங்கு முடிந்தது. மடிக்கணினிக்குப் பக்கத்தில் லூர்து அக்காவின் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாசித்தேன். தலைப்பு: "மௌனத்தைத் தரவாக வாசித்தல்". ஊரடங்கில் உதவி எண்களுக்கு வரும் அழைப்புகள் குறைந்தால் வன்முறை குறைந்துவிட்டது என்று பொருளல்ல, பேச முடியவில்லை என்றுதான் பொருள். வீடு பாதுகாப்பான இடம் என்று ஒரு நோயை முன்னிட்டு உலகம் முழுவதும் ஒரே குரலில் அறிவித்தார்கள். யாருக்கு என்று கேட்டவர்கள் பெண்கள்தான்.

ஐரோப்பாவிலிருந்து பேசியவர், அங்கே மருந்துக் கடையில் ஒரு குறிப்பிட்ட முகக்கவசம் கேட்டால் அது உதவிக்கான வேண்டுதல் என்றார். தென் அமெரிக்காவிலிருந்து ஒருவர் பெண்களின் வேலைநிறுத்தம் பற்றிப் பேசினார். சமைப்பதையும் துடைப்பதையும் பார்த்துக்கொள்வதையும் பெண்கள் நிறுத்தினால் உலகம் நிற்கும் என்பது அந்தக் கோட்பாடு. எனக்கு ஒன்று தோன்றியது, கேட்கவில்லை. உலகம் நின்றேவிட்டது. அந்த வேலை நிற்கவில்லை. அம்மா அப்போதுதான் எனக்கு மோர் கொண்டுவந்து, கேமராவில் கை தெரியாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"உங்களுக்கு மௌனம் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். திரும்பக் கூப்பிடுவேன் என்றேன். திரையில் கைதட்டும் சின்னங்கள் மிதந்தன.

மே 24

ரைஸ்மில் பேசினாள். முப்பது வயது இருக்கலாம். பின்னால் மில் ஓடும் சத்தம்.

"ஏம்மா, நீ புதுசா?"

"லூர்துதான் பேசறேன்."

"லூர்தக்கா என்னைய 'ஏ கழுத'ன்னுதான் கூப்பிடும். நீ 'சொல்லுங்க, கேக்குறேன்'ங்கிற. சும்மா கெட. அக்கா எங்க?"

சொன்னேன். மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்ப வந்தபோது குரல் கோபமாக இருந்தது.

"அது கெடக்கட்டும். அன்னிக்கு எதுக்குத் திருப்பிக் கூப்பிட்ட?"

"மிஸ்டு கால் இருந்துச்சு. அதான்..."

"மிஸ்டு காலா? காலைல ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவோம். உசுரோட இருக்கேன்னு அர்த்தம். அக்கா எடுக்காது. திருப்பிக் கூப்பிடவே கூடாது. வரலைன்னாத்தான் ஆளோட வந்து வாசல்ல நிக்கும். போனு யாரு கையில இருக்கும்னு உனக்கு என்ன தெரியும்? நல்லவேளையா எம்புருசன் வெளிக்குப் போயிருந்தான்."

"எனக்கு யாரும் சொல்லலைங்க."

"உங்க வீட்டுல போன் வந்தா யாருன்னு கேக்க ஆளே கெடையாதா? குடுத்து வச்சவ."

வைத்துவிட்டாள்.

ஒன்று நினைத்துப் பார்க்கிறேன். இப்போது யாருக்கு டயல் செய்தாலும் முதலில் அரசாங்கத்தின் குரல்தான் பேசுகிறது. முகக்கவசம் அணியுங்கள், வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள். அது முடிந்த பிறகுதான் மணி. இந்தப் பெண்கள் ஒவ்வொரு காலையும், பக்கத்து அறையில் அவன் தூங்கும்போது, அந்த அறிவுரையை முழுக்கக் கேட்டு முடித்து, ஒரே ஒரு மணி விட்டு வைத்திருக்கிறார்கள்.

பிறகு பதிவைப் பார்த்தேன். சேவல் வருகிறது. ரைஸ்மில் வருகிறது. பள்ளிவாசல் வருகிறது.

தறி பதினெட்டாம் தேதியோடு நின்றிருக்கிறது.

மே 25

இன்றும் இல்லை.

பேச்சியக்காவிடம் கேட்டேன். இந்த ஒரு ரிங் ஏற்பாடு அவருக்கும் தெரியாது. எந்த எண் எந்த ஊர், எந்த வீடு என்பதெல்லாம் லூர்து அக்காவின் தலைக்குள் மட்டும் இருந்தது. யார் கையிலும் சிக்கக் கூடாது என்று எழுதாமல் வைத்திருந்தார். யார் கையிலும் சிக்கவில்லை.

மே 26

இல்லை.

அன்றைக்கு அந்த ஆண் "யாரு?" என்று கேட்டார். "லூர்து பேசறேன்" என்று சொன்னேன். "எந்த லூர்து?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தவறான எண் என்று சொன்னேன்.

மே 27

காவல் நிலையத்துக்குப் பேச்சியக்கா போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். நானும் கேட்டேன்.

"பேரு?"

"தெரியாதுங்கய்யா."

"ஊரு?"

"தறி ஓடுற ஊரு."

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அப்பக் காணாமப் போனது யாரும்மா, நீயா? ஊரடங்குல வந்து வெளையாடாதீங்க."

கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கத் திருத்தி அனுப்பச் சொல்லிப் பேராசிரியர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "மௌனம் பற்றிய பகுதி மிக வலுவானது, அதை விரிவாக்கு."

மே 28

தூக்கம் இல்லை. அலாரத்துக்கு முன்பே விழித்துக் காத்திருக்கிறேன். அலாரம் அடிக்கிறது. மாத்திரை. பிறகு ஒவ்வொன்றாக, ஒரு மணி, ஒரு மணி. ஒவ்வொன்றிலும் திரையில் பெயரைப் பார்க்கிறேன். ரைஸ்மில். ஆட்டுக்குட்டி. பிறகு நீண்ட இடைவெளி, அதில் தெருவில் பால்காரர் போகிறார்.

எனக்குக் கேட்கும் சத்தத்தை வைத்து யாராவது எனக்குப் பெயர் வைத்தால் என்ன வைப்பார்கள்? டம்ளர் என்றா?

மே 29

துணி காயப்போட வந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படி உட்காருகிறவள் இல்லை.

"அந்தப் போன்ல என்ன பேசுவாங்க?"

"என்னென்னவோ பேசுவாங்கம்மா."

"நீ என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"எம்புட்டு நேரமும் கேப்பியா?"

"கேப்பேன்."

கீழே டம்ளர் சத்தம். அம்மா எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை சத்தம் வந்த பிறகு எழுந்தாள். ஈரக் கையை என் தோளில் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

மே 30

விதியை மீறினோம். எண்ணைப் போட்டால் பெயர் காட்டும் செயலி என் போனில் இருக்கிறது. தறியின் எண்ணைப் போட்டதும் ஓர் ஆணின் பெயரும் பக்கத்தில் தறியைக் குறிக்கும் "லூம்" என்ற சொல்லும் வந்தன. பேச்சியக்காவுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் தறிகளுக்குப் பாவு நூல் ஓட்டுகிற ஒருவரைத் தெரியும். அவர் மூலம் மாலைக்குள் ஊர் தெரிந்தது, தெரு தெரிந்தது. அவள் பெயரும் தெரிந்துவிட்டது.

எதையும் இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 1

பேச்சியக்காவின் ஸ்கூட்டரில் போனோம். அமைப்பின் பெயரில் வாங்கிய ஊரடங்குப் பயண இ-பதிவுச் சீட்டு, ஒரு மூட்டை சானிட்டரி நாப்கின், முகக்கவசம். வழியில் நிறுத்திய போலீஸ்காரர் மூட்டையைத் திறக்கச் சொல்லி, திறந்ததும் வேறு பக்கம் பார்த்தார்.

"பாத்தியா, இதுக்கு எந்தப் பாஸும் தேவையில்ல" என்றார் பேச்சியக்கா.

ஊருக்குள் நுழையும் முன் வண்டியை நிறுத்தினார். "அவன் உன் குரலக் கேட்டிருக்கான். அங்க நீ வாயத் தொறக்கப்படாது. என்ன நடந்தாலும் சரி."

வரிசை வீடுகள். தறிகள் துணி போர்த்திக் கிடந்தன. கஞ்சிப் பசையின் வாசனை மட்டும் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் பாக்கெட் கொடுத்துக்கொண்டே போனோம், நேராக அந்த வீட்டுக்குப் போனதாக இருக்கக் கூடாது என்று.

அந்த வீட்டில் கணவர்தான் வந்தார். ஒல்லி. மரியாதையான ஆள். "வாங்கக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார்.

"வீட்டுல பொம்பளயாள வரச் சொல்லுப்பா. அவங்க கையிலதான் குடுக்கணும். கணக்கு இருக்கு."

அவள் வந்தாள். உயிரோடு இருந்தாள். அதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு நேரம் ஆனது. முகக்கவசம் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிக் கட்டியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து வருகிறவள் எதற்கு அதைக் கட்டியிருந்தாள் என்று நான் கேட்க முடியாது. பாக்கெட்டை இடது கையால் வாங்கினாள்.

"போன் நம்பர் சொல்லும்மா, அடுத்த மாசம் கூப்பிடணும்" என்றார் பேச்சியக்கா.

"எங்கிட்டப் போன் இல்லக்கா. ஒடஞ்சிருச்சு."

அவர் பேச்சியக்காவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். "உங்க ஆளுகள்ல லூர்துன்னு யாராச்சும் இருக்காங்களா?"

என் கையில் இருந்த மூட்டை கனத்தது.

"இருந்துச்சு" என்றார் பேச்சியக்கா. "செத்துப்போச்சே. கொரோனாவுல."

"எப்ப?"

"மே மாசம் அஞ்சாந்தேதி. என் கையாலதான் மண்ணு போட்டேன்."

"இல்லையே. பதினெட்டாந்தேதி எங்களுக்குப் போன் வந்துச்சு. லூர்து பேசறேன்னு சொல்லுச்சே."

பேச்சியக்கா அவரை அமைதியாகப் பார்த்தார். "செத்தவ எப்பிடிப்பா போன் பண்ணுவா?"

அவர் முகத்தில் முதலில் ஒரு கேள்விதான் இருந்தது. பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பின்பு நின்ற இடத்திலிருந்து அவர் ஓரடி பின்வாங்கினார், தறியில் முதுகு படும் வரை.

திரும்பும் வழியில் பேச்சியக்கா ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டியை ஓரம் கட்டினார். "நான் பொய்யே சொல்லல. பாத்தியா?" என்றார்.

ஜூன் 3

அவளை வெளியே கூட்டிவந்திருக்க வேண்டாமா? பேச்சியக்காவிடம் கேட்டேன்.

"அவ கேக்கலையே. கேக்காம இழுத்துட்டு வந்தா அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? கேக்குறதுக்கு அவளுக்கு ஒரு எடம் வேணும். போனு இருந்துச்சு, ஒடஞ்சிருச்சு."

யாரால் என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 4

கிராமங்களில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கிறார்கள். தினமும் காலையில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு வாசலாக நின்று, நெற்றிக்கு நேரே வெப்பமானியைக் காட்டி, விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஊரில் ஆள் பற்றாக்குறை. பேச்சியக்கா ஊராட்சிச் செயலாளரிடம் பேசிவிட்டார். நாளை முதல் நாங்கள் இருவரும்.

அப்பாவிடம் சொன்னபோது, "கொரோனா வாங்கிட்டு வரப்போறியா? ஒண்ணும் வேணாம்" என்றார். அம்மா அடுக்களையிலிருந்து, "போகட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லை அம்மா எங்கிருந்து எடுத்தாள் என்று வீடே யோசித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஜூன் 5

போனோம். பேச்சியக்கா பேசினார், நான் ஊமை. "இந்தப் புள்ளைக்குத் தொண்டை கட்டிருச்சு, கொரோனா இல்ல, பயப்படாதீங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

அவள் வாசலுக்கு வந்தாள். விரலைக் கருவிக்குள் வைத்தாள். கருவி எண்ணைக் காட்டும் வரை அந்த விரல் என் கையில் இருந்தது. திரையில் அவள் நாடி ஒரு சிறிய கோடாக ஏறி இறங்கியது. கணவர் உள்ளேயே நின்றார். வெளிச்சத்துக்கு வரவில்லை.

ஜூன் 6

வந்தாள்.

ஜூன் 7

வந்தாள். இன்று முகக்கவசம் தாடையில் தொங்கியது. உதட்டின் ஓரம் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தது.

கட்டுரையை இன்னும் திருத்தி அனுப்பவில்லை. மௌனத்தை வாசிக்க முடியும் என்று எழுதியிருக்கிறேன். எதை எழுதினாலும் அதில் அந்த உதடு வருகிறது. அவள் அனுமதி கொடுக்கவில்லை. எடுத்துவிட்டேன். மீதி ஒன்றரைப் பக்கம்.

ஜூன் 9

பேச்சியக்கா பக்கத்து வீட்டுக் கிழவரோடு சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், கொரோனாத் தடுப்பூசி போட்டால் ஆண்மை போய்விடும் என்று அவர் சொன்னதற்கு. "இருந்தாத்தானய்யா போகும்" என்று கேட்டது. தெரு சிரித்தது. வேண்டுமென்றே செய்கிறார் என்று தெரிந்தது.

அவள் விரலைக் கருவியில் வைத்தாள். தலையைக் குனிந்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"லூர்தக்கா செத்தது எனக்கு முன்னாடியே தெரியும். ஒங்ககிட்டப் போன்ல பேசுனாளே, ரைஸ்மில்லுல வேல பாக்குறவ, அவ எங்க மதினிதான். ஒங்களைப் பத்தியும் சொன்னா."

நான் கருவியைப் பார்த்தேன்.

"அன்னிக்குத் திருப்பிக் கூப்பிட்டது நீங்கதான?"

நாடி வேகமாக ஓடியது. யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"ஆமா" என்றேன். மூச்சளவு சத்தம். அந்தப் போன் என்னிடம் வந்த பிறகு, என் பெயரில் நான் சொன்ன முதல் ஆமா.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மன்னிப்பு இல்லை அந்தப் பார்வையில். நான் கேட்கவும் இல்லை.

"அந்தாளு ராத்திரி வெளக்க அணைக்க விடுறதில்ல. செத்த பொம்பள கூப்பிட்டான்னு பயந்துபோய்க் கெடக்கு. என்னைத் தொடவும் பயம். இந்தப் பயம் எத்தன நாளைக்கு இருக்கும்னு தெரியல. அதுக்குள்ள எங்கண்ணன் திருப்பூர்லருந்து வந்துரும், பஸ்ஸு விட்டாப் போதும். அதுவரைக்கும் நீங்க பேசிறாதீங்க. ஒங்க குரலு வெளிய வரக் கூடாது."

தலையாட்டினேன்.

விரலை எடுத்துக்கொண்டாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள்.

"நாளைக்கும் வாங்க."

ஜூன் 10

பேசவில்லை.

கதவை அவள்தான் திறந்தாள்.